ஒட்டகத்தின் அருகே மண்டியிட்ட மன்னர்: ஒரு ரோமானிய வெள்ளி நாணயமும் தவறிப்போன அட்டையும்

பின்னணி

லண்டன் புறநகர் ஒன்றில் எங்கள் நாணய ஆர்வலர் குழு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு நாள் கண்காட்சி நடத்துகிறது. குழுவில் பதினைந்து பேருக்கு மேல் இல்லை, பாதிப் பேர் தமிழர்கள். வாடகைக்கு எடுத்த சமூகக் கூடம், நான்கு கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொரு நாணயத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை, இவ்வளவுதான் ஏற்பாடு. அட்டைகளை எழுதுவது என் பொறுப்பு. ஆகவே இங்கே சொல்லப்போகும் தவறும் என்னுடையதுதான்.

அந்த ஆண்டு ரோமானியக் குடியரசுக் காலத்து வெள்ளி நாணயங்கள் பதினான்கை வைத்தோம். எல்லாம் ஒரே பெரியவர் சேர்த்தவை. எழுபது வயதைத் தாண்டியவர், ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கியவர். நாணயங்களைத் தொடும்போது விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

ஒன்பதாவது நாணயம் ஒரு டினாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக் காசு. ஒட்டகம் ஒன்று நிற்கிறது, அதன் முன்னால் ஒருவர் மண்டியிட்டு ஆலிவ் கிளையை நீட்டுகிறார். நாணயம் வந்த காகித உறையின் மேல் விற்றவர் பென்சிலால் எழுதியிருந்தார்: யூதேய மன்னர் பொம்பேயஸிடம் சரணடைகிறார், கி.மு. 55. பொம்பேயஸ் அன்றைய ரோமானியத் தளபதி, யூதேயா எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதர் நாடு. நான் அந்த உறையைப் பார்த்து அட்டை எழுதினேன். இரண்டு நாளில் பதினான்கு அட்டைகளையும் முடிக்க வேண்டியிருந்தது. அதே வாசகம் 200 படிகள் அச்சடித்த துண்டறிக்கையிலும் போனது. பெட்டியில் ஒட்டகப் பக்கம் மட்டும் மேலே தெரியும்படி நாணயத்தை வைத்தோம்.

கண்காட்சி நாள்

காலையில் கூட்டம் அதிகம் இல்லை. வந்த தமிழர்களில் சிலர் கேட்ட கேள்வி, இந்த மாதிரி காசுதானே கரூர்ப் பக்கம் கிடைக்கிறது என்பது. கொங்கு வட்டாரத்தில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை, அதாவது இந்த நாணயத்துக்குப் பல பத்தாண்டுகள் பிற்பட்டவை, அவற்றில் பேரரசரின் தலை இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பதில் சரியானதுதான். அதே நாணயத்துக்கு அருகில் நான் எழுதி வைத்திருந்த அட்டை தவறு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பிற்பகலில் ஜோர்டானில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் வந்தார். ஒன்பதாவது நாணயத்தின் முன் வெகுநேரம் நின்றார். பக்கத்தில் வைத்திருந்த லென்ஸைக் கேட்டு வாங்கி, ஒட்டகத்தின் கால்களுக்குக் கீழே உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இது யூதேய மன்னர் இல்லை, இங்கே எழுதியிருப்பது அரேட்டாஸ், அரபியில் ஹாரிதா, பெட்ராவை ஆண்ட எங்கள் நபத்தேய மன்னர் என்றார். குரலில் கோபம் இல்லை. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: அவர் சரணடைந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தப் போரில்?

என்னிடம் பதில் இல்லை. பெரியவரிடமும் இல்லை.

உடனே எடுத்த முடிவு

கேள்வி வந்த பத்து நிமிடத்தில் அட்டையை எடுத்துவிட்டு, 'இந்த நாணயத்தின் விவரம் மறுபரிசீலனையில் உள்ளது' என்று கையால் எழுதிய ஒரு சீட்டை வைத்தேன். மேசையில் மீதமிருந்த துண்டறிக்கைகளில் அந்த வரியை அடித்தோம். ஆனால் பாதிக்கு மேல் ஏற்கனவே கைக்குக் கை போய்விட்டிருந்தன.

பெரியவருக்கு மனம் நொந்துவிட்டது. "தம்பி, எல்லாரும் பார்க்க என் காசுக்குப் பக்கத்தில சந்தேகச் சீட்டு வைக்கலாமா? போலின்னு நினைச்சிட மாட்டாங்களா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சீட்டின் வாசகம் நாணயத்தையே சந்தேகிப்பதுபோல் படித்தது. சந்தேகம் நான் எழுதிய விவரத்தின் மேல்தான். வாசகத்தை மாற்றி, 'அட்டையில் பிழை இருந்தது, திருத்துகிறோம்' என்று எழுதினேன்.

நாணயத்தில் என்ன இருக்கிறது

அன்று மாலை கூடத்தைப் பூட்டிய பிறகு, பெரியவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தோம். முதலில் நாணயம் அசலா என்று பார்த்தோம். எடை 3.87 கிராம், குறுக்களவு சுமார் 18 மில்லிமீட்டர். அந்தக் காலத்து டினாரியஸுக்கு இந்த எடை பொருந்தும், ஒரு ரோமானிய பவுண்டு வெள்ளியில் 84 டினாரியஸ் அடிப்பார்கள். செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய பழங்காலப் போலிகள் இந்த வகையில் உண்டு, அதனால் தண்ணீரில் தொங்கவிட்டும் எடை பார்த்தோம். அடர்த்தி 10.2 வந்தது. செம்பு உள்ளே இருந்தால் அது 9-ஐ நோக்கி இறங்கியிருக்கும். விளிம்பில் வார்ப்புக் கோடு எதுவும் இல்லை. சுத்தம் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். எழுத்துகளின் இடுக்கில் இருந்த கருமை அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.

அப்புறம் லென்ஸ். மண்டியிட்டவரின் தலை ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும். இடது கையில் ஒட்டகத்தின் கடிவாளம், வலது கையில் கிளை. அந்தக் கிளையிலிருந்து ஒரு நாடா தொங்குவதுகூடத் தெரிந்தது. மேலே 'எம் ஸ்கவுர்', அதன் கீழ் 'ஏட் குர்', இரண்டு பக்கமும் 'எக்ஸ்', 'எஸ் சி'. அடியில் 'ரெக்ஸ் அரேட்டாஸ்', அதாவது அரேட்டாஸ் மன்னர். அச்சு சற்றுத் தள்ளி விழுந்ததால் கீழ்வரி எழுத்துகளின் கால்கள் வெட்டுப்பட்டிருந்தன. உறையில் எழுதியவர் அதைப் படிக்காமல் விட்டதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

நாணயத்தைத் திருப்பினோம். நான்கு குதிரை பூட்டிய தேரில் ரோமானியர்களின் தலைமைத் தெய்வம் ஜூபிடர் இடி எறிகிறார். மேலே பப்லியஸ் ஹிப்சேயஸ் என்ற பெயர். பிரிவெர்னம் என்ற ஊரை கான்சல் (ரோமின் உயர் ஆட்சியாளர்) கயஸ் ஹிப்சேயஸ் பிடித்தார் என்று சுற்றிலும் எழுத்து. இதோடு குழப்பம் முழுக்கத் தெளிந்துவிட்டது. ரோமானியக் குடியரசு நாணயங்களைத் தொகுத்த கிராஃபோர்டின் பட்டியல் எண்களில் இது 422, கி.மு. 58. உறையில் எழுதியிருந்த விவரம் 431-ஆம் எண்ணுக்கு உரியது. கி.மு. 55-இல் ஔலஸ் பிளாட்டியஸ் என்பவர் அடித்த நாணயம் அது. அதிலும் ஒட்டகம் உண்டு, மண்டியிடும் ஆள் உண்டு, கிளை உண்டு. மூன்றே ஆண்டுகளில் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அதில் எழுதியிருப்பது 'பாக்கியஸ் யூதேயஸ்' என்று, மறுபக்கம் கோட்டை வடிவக் கிரீடம் அணிந்த சிபெலே தேவியின் தலை. அந்த பாக்கியஸ் யார் என்பதில் இன்றுவரை அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 58-ஆம் ஆண்டு ஹிப்சேயஸும் பிளாட்டியஸ் குடும்பத்தவர்தான் என்பதால் குழப்பம் இன்னும் எளிது.

திருப்பிப் பார்த்திருந்தாலே இந்தத் தவறு நடந்திருக்காது. அட்டை எழுதும்போது நான் அதைச் செய்யவில்லை.

எந்தப் போரில்?

பெயரைத் திருத்துவது அரை மணி நேர வேலை. அந்தப் பெண்ணின் இரண்டாவது கேள்விக்குத்தான் இரண்டு வாரம் ஆனது. 'யூதேய மன்னர்' என்பதை அடித்துவிட்டு 'அரேட்டாஸ் மன்னர் சரணடைகிறார்' என்று எழுதிவிடலாம் என்று குழுவில் பலர் சொன்னார்கள். நாணயமே அதைத்தானே காட்டுகிறது என்றார்கள். நாணயத்தை அடித்தது யார் என்று பார்த்த பிறகு என்னால் அதற்குச் சம்மதிக்க முடியவில்லை.

நாணயத்தில் 'எம் ஸ்கவுர்' என்று வரும் மார்க்கஸ் ஏமிலியஸ் ஸ்கவுரஸ் பெரிய இடத்துப் பிள்ளை. தந்தை செனட்டின் முதல் மனிதர் என்ற மதிப்பில் இருந்தவர். தாய் பிறகு சுல்லாவை மணந்ததால் இவர் சர்வாதிகாரியின் வளர்ப்பு மகன். கிழக்கே பொம்பேயஸின் கீழ் பணியாற்றினார். கி.மு. 65 வாக்கில் யூதேயாவில் ஹிர்கானஸ், அரிஸ்டோபுலஸ் என்ற இரண்டு சகோதரர்கள் அரியணைக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். ஹிர்கானஸுக்கு ஆதரவாக எருசலேமை முற்றுகையிட்டவர் இதே அரேட்டாஸ். இரு தரப்பும் ஸ்கவுரஸுக்குப் பணம் தருவதாகச் சொன்னது, தலைக்கு 400 தாலந்து (பெருந்தொகைக்கான அன்றைய அளவு) என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் ஒரு நூலில் எழுதுகிறார். ஸ்கவுரஸ் அரிஸ்டோபுலஸின் பக்கம் சாய்ந்து, முற்றுகையை விட்டுப் போகும்படி அரேட்டாஸுக்கு உத்தரவிட்டார். மன்னர் போனார்.

கி.மு. 63-இல் எருசலேமைப் பிடித்த பொம்பேயஸ், சிரியாவை ஸ்கவுரஸ் கையில் விட்டுவிட்டுத் திரும்பினார். மறு ஆண்டு ஸ்கவுரஸ் பெட்ராவை நோக்கிப் படை நடத்தினார். பாறையும் பள்ளத்தாக்குமான நிலம். சுற்றுப்புற ஊர்களைச் சூறையாட முடிந்தது, தலைநகரை நெருங்க முடியவில்லை. படைக்குச் சாப்பாடு தீர்ந்துபோனது. ஹிர்கானஸின் ஆலோசகர் ஆன்டிபேட்டர், பின்னாளைய ஏரோது மன்னரின் தந்தை, தானியம் அனுப்பி உதவினார். அரேட்டாஸிடம் தூது போனவரும் அவரே. மன்னர் 300 தாலந்து கொடுக்க ஒப்புக்கொண்டார், ஸ்கவுரஸ் போரை முடித்துக்கொண்டார். போர் முடிய வேண்டும் என்ற விருப்பம் அரேட்டாஸுக்கு இருந்த அளவு ஸ்கவுரஸுக்கும் இருந்தது என்று ஜோசபஸ் சொல்கிறார்.

ஒரு தாலந்து 6,000 டிராக்மா. ஒரு டிராக்மாவை ஏறக்குறைய ஒரு டினாரியஸ் என்று கொண்டால், 300 தாலந்து என்பது 18 லட்சம் டினாரியஸ். நாங்கள் வெள்ளைத் துணியில் வைத்திருந்த இதைப் போன்ற காசு 18 லட்சம்.

ஆக, பெட்ரா விழவில்லை. மன்னர் பணம் கொடுத்தார், படை திரும்பிப் போனது. நபத்தேய அரசு கி.பி. 106-இல் பேரரசர் டிராஜன் அதை ரோமோடு சேர்க்கும்வரை, இன்னும் 160 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஒட்டகத்தின் பக்கத்தில் அவர் மண்டியிட்டதாக ஜோசபஸ் எங்கும் சொல்லவில்லை. அது ஸ்கவுரஸ் ரோம் மக்களுக்குக் காட்ட விரும்பிய படம்.

அந்தப் படம் அவருக்கு ஏன் தேவைப்பட்டது

இதைத் தெரிந்துகொள்ளாமல் அட்டை எழுத முடியாது என்று எனக்குப் பட்டது. குழுவில் சிலருக்கு இது வேண்டாத வேலையாகத் தோன்றியது.

கி.மு. 58-இல் ஸ்கவுரஸும் ஹிப்சேயஸும் ஈடைல் பதவியில் இருந்தார்கள். நகரப் பராமரிப்பும் பொது விழாக்களும் அந்தப் பதவியின் பொறுப்பு. நாணயத்தின் 'ஏட் குர்' அந்தப் பதவியின் சுருக்கம், 'எக்ஸ் எஸ் சி' என்பது செனட்டின் தீர்மானப்படி அடித்தது என்று பொருள். வழக்கமாக நாணயம் அடித்த இளம் அதிகாரிகள் பெரும்பாலும் தெய்வத்தையோ முன்னோர் பெருமையையோதான் பொறிப்பார்கள். ஹிப்சேயஸின் பக்கம் அந்த வழக்கப்படியே இருக்கிறது: பிரிவெர்னம் வீழ்ந்தது கி.மு. 329-இல், அவருக்கு ஏறக்குறைய 270 ஆண்டுகளுக்கு முன். கான்சல் பட்டியல்களில் அந்த வெற்றிக்கு உரிய கயஸ் பிளாட்டியஸின் குடும்பப் பெயர் டெசியானஸ் என்று இருக்கிறது, நாணயத்தில் ஹிப்சேயஸ் என்று இருக்கிறது. ஸ்கவுரஸோ நான்கு ஆண்டுகளுக்கு முன் தான் செய்ததையே பொறித்தார்.

விழாக்களில் அவர் செலவழித்ததை ரோமானிய எழுத்தாளர் பிளினி விரிவாக எழுதியிருக்கிறார். தற்காலிக அரங்கு ஒன்று: மேடை மூன்று அடுக்கு, 360 தூண்கள், 3,000 வெண்கலச் சிலைகள், 80,000 பேருக்கு இடம். நைல் நதியிலிருந்து நீர்யானை ஒன்றும் முதலைகள் ஐந்தும், அவற்றுக்காகவே வெட்டிய வாய்க்காலில். யூதேயக் கடற்கரை ஊரான யோப்பாவிலிருந்து கொண்டுவந்த ஒரு கடல் விலங்கின் எலும்புக்கூடு, 40 அடி நீளம், விலா எலும்புகள் இந்திய யானைகளைவிட உயரம். விழா முடிந்ததும் பெரிய பளிங்குத் தூண்களைத் தன் வீட்டு முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். தெருவுக்கு அடியில் போகும் சாக்கடைக்குச் சேதம் வந்தால் ஈடு கட்ட வேண்டும் என்று சாக்கடைக் குத்தகைக்காரர் முன்கூட்டியே பிணை வாங்கிக்கொண்டாராம். இந்த ஒரு விவரத்தைப் படித்தபோதுதான் அந்த ஊரும் அந்தத் தூண்களின் கனமும் எனக்கு நேரில் பார்த்தமாதிரி இருந்தது.

இத்தனைக்கும் பிறகு கையில் இருந்த சொத்து கரைந்து பெரும் கடன் ஏறியது என்கிறார் உரையாசிரியர் அஸ்கோனியஸ். பிறகு சார்டினியாவை ஆளப் போனார். திரும்பியதும் மாகாணத்தைச் சுரண்டிய குற்றச்சாட்டு. கி.மு. 54-இல் நடந்த வழக்கில் சிசரோ உட்பட ஆறு வழக்கறிஞர்கள் அவருக்காகப் பேசினார்கள். நீதிபதிகள் முன் ஸ்கவுரஸ் அழுதார், தன் ஈடைல் காலத்துத் தாராளத்தை நினைவூட்டினார். 70 பேரில் 8 பேர்தான் அவரைக் குற்றவாளி என்றார்கள். அந்த ஆண்டே கான்சல் தேர்தலிலும் நின்றார். தேர்தல் லஞ்ச வழக்கு வந்தது, அதில் கி.மு. 52-இல் தண்டிக்கப்பட்டு நாடு கடந்தார். கூட்டாளி ஹிப்சேயஸுக்கும் அதே ஆண்டு, அதே வகை வழக்கு. பொம்பேயஸ் குளித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் ஹிப்சேயஸ் அவர் முழங்கால்களைப் பிடித்துக் கெஞ்சினார் என்றும், என் சாப்பாட்டைத்தான் கெடுக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் பொம்பேயஸ் நடந்தார் என்றும் வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார்.

இரண்டாவது முடிவும் அதன் மீதான சச்சரவும்

நான் முன்வைத்தது இதுதான்: அட்டையில் நாணயம் சொல்வதை ஒரு வாக்கியத்திலும், நூல்கள் சொல்வதை வேறு வாக்கியத்திலும் எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஜோசபஸும் நடந்த காலத்துக்கு நூறாண்டுக்கு மேல் பின்னால் எழுதியவர் என்பதால் அவர் பெயரையும் சொல்லிவிட வேண்டும்.

பெரியவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பைபிள் காலத்து யூதேயா என்று இருந்தால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள், அரேட்டாஸ் யார் என்று யாருக்குத் தெரியும் என்றார். அவர் குரலில் ஏமாற்றம் தெரிந்தது. அந்தக் காசை யூதேயக் காசு என்று நம்பித்தான் அவர் பல ஆண்டு முன்பு வாங்கியிருந்தார். ஒரு மாதம் அதைப் பற்றிப் பேசவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டு, "அந்த முதலைக் கதையையும் போடலாமா தம்பி?" என்று கேட்டார். அட்டையில் இடம் இல்லை, ஆனால் துண்டறிக்கையில் போட்டோம்.

இன்னொரு விவாதம் உறையைப் பற்றியது. தவறான உறையைக் கிழித்துவிட்டுப் புதிது போடலாம் என்றார் ஓர் உறுப்பினர். வேண்டாம் என்று முடிவு செய்தோம். விற்றவரின் கையெழுத்தும் மூலையில் இருந்த வாங்கிய ஆண்டும் அந்த நாணயம் யார் கை மாறி வந்தது என்பதற்கு உள்ள ஒரே சான்று. புதிய உறையில் சரியான விவரத்தை எழுதி, பழையதை அதற்குள் வைத்தோம்.

அட்டையின் இறுதி வாசகம்:

'டினாரியஸ், வெள்ளி, ரோம், கி.மு. 58. அடித்தவர்கள்: ஈடைல்கள் மார்க்கஸ் ஸ்கவுரஸ், பப்லியஸ் ஹிப்சேயஸ். நபத்தேய மன்னர் அரேட்டாஸ் மண்டியிட்டு ஆலிவ் கிளை நீட்டுவதாக நாணயம் காட்டுகிறது. கி.மு. 62-இல் ஸ்கவுரஸ் பெட்ராவை நோக்கிப் படை நடத்தி, 300 தாலந்துக்குப் போரை முடித்தார் என்கிறார் ஜோசபஸ். நபத்தேய அரசு கி.பி. 106 வரை நீடித்தது.'

பின்னால் நடந்தது

மற்ற பதின்மூன்று நாணயங்களையும் எடுத்து, இரண்டு பக்க எழுத்துகளையும் படித்து, எடை பார்த்தோம். இன்னொன்றிலும் ஆண்டு தவறாக இருந்தது. அதையும் திருத்தினோம்.

அடுத்த ஆண்டு கண்காட்சிக்கு அந்த ஜோர்டான் பெண்ணை அழைத்தோம். தன் மகனோடு வந்தார். இந்த முறை நாணயத்துக்கு அடியில் சிறு கண்ணாடி வைத்து ஜூபிடர் பக்கமும் தெரியும்படி செய்திருந்தோம். அட்டையைப் படித்துவிட்டுக் கடைசி வரியைச் சற்று மேலே கொண்டுவரலாமே என்றார். இடம் போதாமல் அப்படியே விட்டோம். அது சரியான முடிவுதானா என்று எனக்கு இன்னும் உறுதியில்லை. பழைய துண்டறிக்கைகளில் சுமார் நூற்றிருபது திரும்பி வரவே இல்லை.

இனி எப்படிச் செய்வோம்

உறையில் இருப்பதைப் பார்த்து அட்டை எழுதுவது நின்றுவிட்டது. இரண்டு பக்க எழுத்துகளையும் படித்து எழுதிக்கொண்ட பிறகுதான் உறையைப் பார்க்கிறோம், இரண்டும் பொருந்தாவிட்டால் அந்த நாணயம் அந்த ஆண்டு காட்சிக்கு வராது. அட்டையை எழுதுபவர் அல்லாத இன்னொருவர் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்துப் பார்க்க வேண்டும். துண்டறிக்கையைக் கண்காட்சிக்கு முதல் நாள் அச்சடிப்பதில்லை, தேவைப்பட்டால் அங்கேயே படி எடுத்துக்கொள்கிறோம். 'வென்றார்', 'சரணடைந்தார்' போன்ற சொல் வந்தால், அதைச் சொல்வது நாணயமா நூலா என்பதை அதே வாக்கியத்தில் எழுதுகிறோம்.

பெரியவர் இப்போது குடியரசுக் காலத்து நாணயம் எதை வாங்கினாலும் முதலில் எனக்கு இரண்டு பக்கப் படமும் அனுப்புகிறார். சென்ற மாதம் வந்தது ஔலஸ் பிளாட்டியஸின் கி.மு. 55 நாணயம், பாக்கியஸ் யூதேயஸ், தேய்மானம் அதிகம். ஒன்பதாவது நாணயத்தின் இடத்தில் இரண்டு ஒட்டகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறோம்.